அத்தியாயம் 6: பகிர்வுத் தளங்கள் வழியே வாசகரை வரவழைப்பது

கூகுளில் தேடி வருபவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். உங்கள் பெயரோ பொருளின் பெயரோ அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்றே தெரியாதவர்தான் உலகில் அதிகம். அவர் எதைத் தேடுவார்? அப்படிப்பட்டவர் கண்ணில் உங்கள் பக்கம் படுவதற்கான இடங்கள்தான் பகிர்வுத் தளங்கள். அங்கே ஒருவர் நல்லதொன்றைக் கண்டு பகிர்கிறார், மற்றவர்கள் வாக்களித்தோ சேமித்தோ மேலே ஏற்றுகிறார்கள், அதைப் பார்த்து இன்னும் பலர் வருகிறார்கள். ரெடிட், பின்ட்ரெஸ்ட், கோரா, ஃபிளிப்போர்ட் எல்லாம் இந்த வகை. ஆள் பரிந்துரைக்காமல் கணினியே தேர்ந்தெடுத்துக் காட்டும் கூகுள் டிஸ்கவரையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த அத்தியாயம் முழுக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி பூலாம்பாடி. பக்கத்து ஊர் அரும்பாவூர். அங்கே செதுக்கப்படும் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூலாம்பாடியில் ஓர் இளைஞர் இந்தச் சிற்பங்களையும், சுற்றுவட்டாரத்து விவசாயத்தையும், பச்சைமலையையும் பற்றி எழுதி, சிற்பங்களுக்கு ஆர்டரும் வாங்கித் தரும் இணையதளம் ஒன்றை நடத்துகிறார் என்று கொள்வோம். விளம்பரத்துக்குச் செலவழிக்க அவரிடம் பணம் இல்லை. உழைப்பும், கையில் ஒரு செல்போனும், ஊரைப் பற்றிய அறிவும் இருக்கின்றன. அவர் என்ன செய்ய வேண்டும்?

தமிழ்த் திரட்டிகள் கற்றுத் தந்தவை

இந்த வேலை தமிழுக்குப் புதிதல்ல. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டிதான் ஒரு தலைமுறைத் தமிழ் இணைய எழுத்தாளர்களுக்கு வாசகரைக் கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் தளத்தின் ஓடையை (ஆர்எஸ்எஸ் ஃபீட்) அதில் இணைத்துவிட்டால், நீங்கள் எழுதும் ஒவ்வொன்றின் தலைப்பும் முதல் சில வரிகளும் தமிழ்மணத்தின் முகப்பில் தோன்றும். புதியவை வர வர அது கீழே இறங்கிவிடும். வாரம் ஒருவரை நட்சத்திரமாக முன்னிறுத்தும் வழக்கமும், வாசகர் வாக்களிக்கும் பட்டையும் அதில் இருந்தன. பின்னர் வந்த தமிழிஷ் வாக்குகளையே அடிப்படையாகக் கொண்டது. போதிய வாக்கு விழுந்தால் பிரபலமானவை வரிசையில் இடம். 2010 வாக்கில் அது இன்ட்லி என்று பெயர் மாறியது. தேன்கூடு, தமிழ்10, உலவு என்று இன்னும் பல இருந்தன.

அந்தக் காலத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று.

முதல் பாடம், மொய்க்கு மொய் நிற்காது. ‘நீ எனக்கு வாக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்’ என்ற ஏற்பாட்டைப் பதிவர்கள் மொய் என்றே அழைத்தார்கள். வாக்கு ஏறியது, வாசிப்பு ஏறவில்லை. வாக்களித்தவர் படித்தவராக இல்லாதபோது, மேலே வந்த கட்டுரைக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது, சூடு காட்டும் தலைப்புக்கு ஆயுள் குறைவு. தமிழ்மணத்தில் ‘சூடான இடுகைகள்’ என்று ஒரு பகுதி இருந்தது. அதில் இடம்பிடிப்பதற்காகவே சண்டைத் தலைப்புகள் வைக்கும் பழக்கம் வந்தது. அப்படி வந்தவர்கள் சண்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எழுதியவரின் அடுத்த கட்டுரைக்கு அவர்கள் வரவில்லை.

மூன்றாவது பாடம்தான் மிக முக்கியம். திரட்டிகள் மூடப்படும். தமிழ்மணமும் இன்ட்லியும் இன்று அந்தப் பழைய வடிவில் இயங்கவில்லை. உலக அளவிலும் இதே கதைதான். 2004-இல் தொடங்கிக் கொடிகட்டிப் பறந்த பகிர்வுத் தளமான டிக், 2010 ஆகஸ்டில் செய்த வடிவ மாற்றத்தால் தன் பயனர்களையே கோபப்படுத்தியது. அவர்கள் கூட்டமாக ரெடிட்டுக்குப் போனார்கள். 2012-இல் டிக் கைமாறியது. கனடாவின் கால்கரியில் பிறந்த ஸ்டம்பிள்அப்பான், 2007-இல் ஈபே நிறுவனத்துக்கு 7.5 கோடி டாலருக்கு விற்கப்பட்ட தளம். அதுவும் 2018 ஜூன் 30-இல் மூடப்பட்டது. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் போனது. இந்தத் தளங்களையே வாசலாக நம்பியிருந்தவர்களுக்கு வாசல் அடைபட்டது. வந்த வாசகரின் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் அவர் சம்மதத்தோடு வாங்கி வைத்திருந்தவர்களுக்கு வாசகர் மிஞ்சினார்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் அடிப்படை இதுதான்: பகிர்வுத் தளம் அந்நியரை அழைத்துவரும். அவரை உங்கள் வாசகராக்குவது உங்கள் பக்கத்தின் வேலை. இரண்டாவது வேலைக்கு ஏற்பாடு இல்லாமல் முதல் வேலையில் இறங்காதீர்கள்.

முதலில் பக்கத்தைத் தயார் செய்யுங்கள்

திருவிழாக் கூட்டம் வருவதற்கு முன்பே கடையைப் பரப்பி வைக்க வேண்டும். இணைப்பைப் பகிரும் முன் கீழ்க்கண்டவை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேகம். வருபவரில் பெரும்பாலோர் செல்போனில், நடுத்தர வேக இணையத்தில் வருவார்கள். சிற்பத்தின் படத்தைக் கேமராவிலிருந்து எடுத்த அளவிலேயே ஏற்றினால் ஒவ்வொன்றும் நான்கைந்து மெகாபைட் இருக்கும். வெப்பி வடிவத்துக்கு மாற்றி, கட்டுரைக்குள் வரும் படங்களை 200 கிலோபைட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

முன்னோட்டம். இணைப்பைப் பகிரும்போது தோன்றும் படம், தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம் ஆகியவற்றை ‘ஓப்பன் கிராஃப்’ குறிகள் தீர்மானிக்கின்றன. வேர்ட்பிரஸ் தளமானால் இதற்கான ப்ளக்இன்கள் இலவசமாகவே கிடைக்கும். முன்னோட்டப் படத்தை 1200க்கு 630 பிக்சல் அளவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். படம் வெட்டுப்பட்டோ, தலைப்பு பாதியில் நின்றோ வந்தால் திருத்திவிட்டுப் பிறகு வெளியே அனுப்புங்கள்.

அறிமுகம். பக்கத்தின் முதல் திரையிலேயே ‘இது யாருடைய தளம், எந்த ஊர், என்ன கிடைக்கும்’ என்பது தெரிய வேண்டும். அரும்பாவூர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்தான் வரப்போகிறார். ‘திருச்சிக்கு வடக்கே பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில்’ என்ற ஒரு வரி போதும்.

அடுத்த அடி. கட்டுரை முடியும் இடத்தில் ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கட்டும். மின்னஞ்சல் மடலில் சேருங்கள், அல்லது வாட்ஸ்அப் சேனலில் இணையுங்கள், அல்லது இந்தச் சிற்பியிடம் விலை கேளுங்கள். மூன்றையும் ஒன்றாக வைத்தால் எதையும் செய்யாமல் போய்விடுவார்கள்.

எந்தத் தளத்துக்கு எதைக் கொண்டுபோவது

எல்லாத் தளத்திலும் ஒரே இணைப்பை ஒட்டிச் செல்வது வீண்வேலை. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பசி உண்டு. அதற்கு ஏற்றதைக் கொடுங்கள்.

*பின்ட்ரெஸ்ட்.* படத்தால் விற்கும் எதற்கும் முதல் இடம் இதுதான். மற்ற தளங்களில் ஒரு பதிவு ஒரு நாளில் மறைந்துவிடும். பின்ட்ரெஸ்டில் ஏற்றிய படம் பல மாதங்களுக்குப் பிறகும் தேடலில் எழுந்து வரும். இலவச வணிகக் கணக்கைத் தொடங்கி, உங்கள் தளம் உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்துங்கள். படங்கள் நெட்டுக்குத்தாக, 2:3 விகிதத்தில், 1000க்கு 1500 பிக்சல் இருக்கட்டும். ‘பூஜை அறைக்கான மர விநாயகர்’, ‘கொலுவுக்கு மரச்சிற்பம்’, ‘கோயில் வாகனம் செதுக்கும் முறை’ என்று தனித்தனிப் பலகைகள் வையுங்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் விளக்கம் எழுதுங்கள். வாங்குபவர் கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கலாம். பருவத்துக்கு முன்பே செல்வது முக்கியம். நவராத்திரிக்கான படங்களைப் புரட்டாசியில் ஏற்றினால் காலம் கடந்துவிட்டது. ஆடியிலேயே தொடங்குங்கள்.

ஒரே மரக்கட்டையில் முழுச் சிற்பத்தையும் செதுக்குவது அரும்பாவூர் வேலையின் சிறப்பு. முடிந்த சிற்பத்தை மட்டும் காட்டினால் இது யாருக்கும் தெரியாது. கட்டையில் கோடு போட்டது, பெரிய உளியால் சதை களைந்தது, முகம் பிறந்தது, மெருகு ஏறியது என்று நான்கு படங்களை அடுக்கினால் பார்ப்பவர் நிற்பார். அந்த அடுக்கின் கீழே சிற்பியின் பெயரை, அவர் சம்மதத்துடன், கட்டாயம் போடுங்கள். பெயரில்லாமல் ஆயிரம் முறை பகிரப்படும் படம் அந்தக் கைக்கு ஒரு ரூபாயும் கொண்டுவராது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. ஆளின் பெயரைக் காப்பாற்றுவது படம் எடுத்துப் போடும் நம் பொறுப்பு.

*ரெடிட்.* இங்கே ஒவ்வொரு குழுவுக்கும் அதன் பொறுப்பாளர்கள் வைத்த விதிகள் உண்டு. அவற்றைப் படிக்காமல் ஒன்றும் போடாதீர்கள். புதிய கணக்குகளைப் பல குழுக்கள் ஏற்பதில்லை. கணக்குக்கு வயதும், பிறர் வாக்கால் சேரும் கர்மா புள்ளிகளும் வேண்டும். விளம்பரத்துக்கு வந்த ஆளை ரெடிட் வாசிகள் உடனே கண்டுபிடித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். உங்கள் பங்களிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சொந்தத் தளத்தின் இணைப்பாக இருக்கக் கூடாது என்பது அங்கே நெடுநாள் வழிகாட்டுதல். ஆகவே முதல் சில வாரங்கள் இணைப்பே தராமல் பதில் மட்டும் சொல்லுங்கள். பச்சைமலைக்கு எப்படிப் போவது, சாத்தனூர் கல்மரப் பூங்காவையும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று யாராவது கேட்டால், உள்ளூர்க்காரர் மட்டுமே சொல்லக்கூடிய பதிலைச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் சிற்ப வேலையின் படங்களை அங்கேயே ஏற்றி, முழு விவரத்தையும் அங்கேயே எழுதி, கடைசியில் மட்டும் தளத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். சுருக்கிய இணைப்புகளை அங்கே தவிர்க்கவும். அவை பெரும்பாலும் குப்பை வடிகட்டியில் சிக்கிவிடும்.

*கோரா.* தமிழிலும் இயங்கும் தளம். கேள்விக்குப் பதில் என்ற வடிவம் விவசாயச் செய்திகளுக்கு மிகப் பொருத்தம். சின்ன வெங்காயம் விளையும் மாவட்டம் பெரம்பலூர். வெங்காயப் பயிரைத் தாக்கும் கோழிக்கால் நோய் பற்றியோ, அறுத்த வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமிப்பது பற்றியோ ஒருவர் கேட்கும்போது, பதிலில் முக்கால் பங்கை அங்கேயே கொடுங்கள். படத்துடன் கூடிய முழுச் செய்முறைக்கு மட்டும் உங்கள் கட்டுரையின் இணைப்பைத் தாருங்கள். ‘விவரத்துக்கு இங்கே சொடுக்கவும்’ என்று மட்டும் எழுதிய பதில் மதிக்கப்படாது, மறைக்கவும்படும்.

*கூகுள் டிஸ்கவர்.* செல்போனில் கூகுளைத் திறந்ததும் கீழே வரிசையாகத் தோன்றும் கட்டுரைகள்தான் இவை. இதில் நீங்கள் போய்ப் பதிவு செய்ய முடியாது. கூகுள் உங்கள் பக்கத்தை அட்டவணைப்படுத்தியிருந்தால் தகுதி உண்டு, இடம் கிடைப்பதற்கு உத்தரவாதம் இல்லை. செய்யக்கூடியவை சில உண்டு. குறைந்தது 1200 பிக்சல் அகலமுள்ள நல்ல படம் ஒன்றை வையுங்கள். பெரிய முன்னோட்டப் படத்துக்கு அனுமதி தரும் அமைப்பைத் தளத்தில் இயக்குங்கள். தலைப்பில் உள்ளதைக் கட்டுரையில் முழுமையாகக் கொடுங்கள். எழுதியவர் யார், தேதி என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். டிஸ்கவர் வருகை ஒரு நாள் பொங்கி மறுநாள் வற்றும். அதை வரவாக எடுத்துக்கொள்ளுங்கள், வருமானக் கணக்கில் எழுதாதீர்கள்.

*வாட்ஸ்அப்.* பட்டியலில் கடைசியாக வந்தாலும் நம் ஊர்களுக்கு இதுதான் பெரிய வாசல். இந்தப் பகுதியிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர்ச் செய்தியை வாட்ஸ்அப் குழுக்களில்தான் பார்க்கிறார்கள். கோலாலம்பூரும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. மாலை 7 மணிக்கு நீங்கள் பகிர்ந்தால் அங்கே முறையே இரவு 9.30, மாலை 5.30. ஒருவர் தூங்கப் போகுமுன் பார்க்கிறார், இன்னொருவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது பார்க்கிறார். குழுவின் பொறுப்பாளரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். ‘அண்ணே, நம்ம ஊர் சிற்ப வேலையைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கேன், குரூப்ல போடலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் போட்டால், அவரே நான்கு குழுக்களுக்கு அனுப்பிவைப்பார்.

தலைப்பும் முதல் வரியும்

பகிர்வுத் தளத்தில் உங்களைத் தெரியாதவர் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார். ‘எங்கள் புதிய கட்டுரை’ என்ற தலைப்பு அவருக்கு ஒன்றும் சொல்லாது. ‘இந்த ஊரின் ரகசியம் தெரிந்தால் அதிர்ந்துபோவீர்கள்’ என்பது அவரை ஏமாற்றும். ‘ஒரே கட்டையில் ஒரு நடராசர்: அரும்பாவூர்ச் சிற்பி வேலை செய்யும் விதம்’ என்பது நேர்மையாகவும் இருக்கிறது, ஆவலையும் தூண்டுகிறது. ஊர்ப் பெயர், பொருள், வாசகருக்குக் கிடைக்கப்போவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு தலைப்பில் இருக்க வேண்டும்.

கூட்டம் வரும் நாளில்

ஒரு பதிவு பிடித்துக்கொண்டால் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். மலிவான ‘ஷேர்டு’ ஹோஸ்டிங்கில் உள்ள தளம் அப்போதுதான் படுத்துவிடும். பெரிய தளங்களின் இணைப்பால் சிறிய தளங்கள் விழுவது 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற செய்தித் தளத்தின் காலத்திலிருந்தே நடப்பது. பக்கங்களைச் சேமித்து வைத்து வழங்கும் கேச் ப்ளக்இன் ஒன்றையும், க்ளவுட்ஃப்ளேர் போன்ற சேவையின் இலவசத் திட்டத்தையும் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.

அன்று நீங்கள் வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. பகிர்ந்த இடத்தில் வரும் கேள்விக்கு உடனுக்குடன் பதில் சொல்லுங்கள். விலை கேட்டால் விலையைச் சொல்லுங்கள். ‘எந்த மரம்?’ என்று கேட்டால் வாகையா, இலுப்பையா, மாவா, வேம்பா என்று தெளிவாகச் சொல்லுங்கள். குறை சொன்னால் நன்றி சொல்லித் திருத்துங்கள். சிற்பி மாதத்துக்கு எத்தனை ஆர்டர் முடிக்க முடியும் என்பதை அவரிடம் முன்பே கேட்டு வைத்திருங்கள். முடியாத ஆர்டருக்கு முன்பணம் வாங்குவது, வந்த கூட்டத்தை எதிரியாக்கும் வழி.

அளவிடுவது எப்படி

எந்தத் தளம் எத்தனை பேரை அனுப்பியது என்று கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டும். ஆனால் வாட்ஸ்அப்பிலிருந்து வருபவர் ‘நேரடி வருகை’ என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார். அதனால் பகிரும் ஒவ்வொரு இணைப்பின் பின்னும் யுடிஎம் குறியைச் சேர்த்து, எந்தத் தளம், எந்தக் கட்டுரை என்று அடையாளம் இடுங்கள். டிஸ்கவர் வருகை போதிய அளவு இருந்தால் கூகுளின் சர்ச் கன்சோலில் தனி அறிக்கையாகத் தெரியும்.

பார்க்க வேண்டிய எண் வருகை எண்ணிக்கை அல்ல. வந்தவரில் எத்தனை பேர் இரண்டாவது பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை பேர் மடலில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் மாதந்தோறும் எழுதுங்கள். பின்ட்ரெஸ்ட் கொஞ்சம் பேரை அனுப்பி அதில் சிலர் விலை கேட்டிருக்கலாம். வேறொரு தளம் பெருங்கூட்டத்தை அனுப்பி ஒருவரும் தங்காமல் போயிருக்கலாம். உங்கள் நேரம் முதலாவதற்குப் போகட்டும்.

செய்யக் கூடாதவை

- வாக்கு, விருப்பம், பின்தொடர்பவர் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கணக்கு முடக்கப்படும்.
- பல பெயர்களில் கணக்கு வைத்துச் சொந்தப் பதிவுக்கே வாக்களிக்காதீர்கள்.
- பிறர் எடுத்த படத்தையும் எழுத்தையும் அனுமதியின்றி ஏற்றாதீர்கள்.
- புவிசார் குறியீடு பெற்ற பெயரை வேறிடத்துச் சரக்குக்கு ஒட்டாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம், அந்த ஊர்ப் பிழைப்புக்கும் துரோகம்.
- தளத்தில் எழுத வேண்டியதைப் பகிர்வுத் தளத்தில் மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். மூலப்பிரதி எப்போதும் உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும்.

முதல் நான்கு வாரங்கள்

முதல் வாரம்: தளத்தின் வேகம், முன்னோட்டம், அறிமுக வரி, வேண்டுகோள் ஆகிய நான்கையும் சரிசெய்யுங்கள். அனலிட்டிக்ஸையும் சர்ச் கன்சோலையும் இணையுங்கள்.

இரண்டாம் வாரம்: பின்ட்ரெஸ்டில் வணிகக் கணக்கு, மூன்று பலகைகள், நாளுக்கு ஒரு படம். ரெடிட்டிலும் கோராவிலும் கணக்குத் தொடங்கி, இணைப்பில்லாத பதில்கள் மட்டும்.

மூன்றாம் வாரம்: ஒரு சிற்பியிடம் நாள் முழுக்க இருந்து, அவர் சம்மதத்துடன், கட்டையிலிருந்து சிற்பம் வரை படம் எடுத்து ஒரு முழுமையான கட்டுரை எழுதுங்கள். மற்ற எல்லாப் பகிர்வுக்கும் இதுவே மூலம்.

நான்காம் வாரம்: அந்தக் கட்டுரையைத் தளத்துக்குத் தளம் வேறு வடிவில் கொண்டுபோங்கள். பின்ட்ரெஸ்டுக்குப் படிநிலைப் படங்கள். கோராவில் ‘மரச்சிற்பம் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?’ என்பதற்குப் பதில். வாட்ஸ்அப்பில் நான்கு வரியும் இணைப்பும். ரெடிட்டில் போதிய மதிப்பு சேராவிட்டால் இன்னும் சில வாரங்கள் பொறுங்கள்.

மாத முடிவில் நோட்டைத் திறந்து, அதிகம் தங்கியவர்களை அனுப்பிய இரண்டு தளங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். மடலில் சேர்ந்தவர் பத்துப் பேர்தான் என்றாலும் அவர்களுக்கு மாதம் ஒரு நல்ல மடல் அனுப்பத் தொடங்குங்கள். நாளை ரெடிட்டும் பின்ட்ரெஸ்டும் என்ன ஆனாலும் அந்தப் பத்துப் பேரை உங்களால் அழைக்க முடியும். அந்த மடலை எழுதுவது எப்படி என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.